படகில் வெந்நீர் ஷவர்: கீசர் வேண்டாம், இன்ஜின் சூடே போதும்

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 27 அடி ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார். உள்ளே டீசல் இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய்த் தூண்டில் போடுவதும், நங்கூரம் இட்டு நீந்துவதும் வழக்கம். மார்கழி, தை மாதங்களில் தண்ணீரை விட்டு ஏறியதும் பிள்ளைகளும் வயதான அப்பாவும் வாடைக் காற்றில் நடுங்கிப் போகிறார்கள். அதனால் படகின் பின்பக்கம் ஒரு வெந்நீர் ஷவர் வைக்க ஆசை. வீட்டில் சும்மா கிடக்கிற 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரை இன்வெர்ட்டரில் ஓட்டலாமா, இல்லை கேஸ் கீசர் மாட்டலாமா, எத்தனை லிட்டர் டேங்க் வாங்குவது என்று மூன்று கேள்விகள்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: கரையிலிருந்து கரண்ட் வராத இடத்தில் சூடு எங்கிருந்து வரும், அந்தச் சூடு எவ்வளவு வேண்டும்? புதுச்சேரியிலும் கடலூரிலும் படகு இன்ஜின் வேலையிலேயே பல வருடம் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பொருள் வாங்கினால் பாதிச் செலவு மிச்சம். இணையத்தில் படகு ஷவர் பற்றிக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் குளிர்க்கடல் நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்கள் சொல்லும் டேங்க் அளவு நமக்குப் பொருந்தாது.

முதலில் எவ்வளவு சூடு என்று பார்ப்போம். வீட்டு ஷவர் நிமிடத்துக்கு 8, 10 லிட்டர் கொட்டும். படகில் அப்படிக் குளிக்க முடியாது. விரலால் அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் கைஷவர் போட்டால், உப்பை அலசி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஆளுக்கு 6 லிட்டர் தாராளம். ஐந்து பேருக்கு 30 லிட்டர். தை மாதக் காலையில் நம் டேங்க் தண்ணீர் 25 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் என்ற பள்ளிக் கணக்கைப் போட்டால், மொத்தம் அரை யூனிட் கரண்ட்டுக்குச் சமமான சூடுதான் வருகிறது. ஒரு குடும்பத்துக்கே அரை யூனிட். இதை மனதில் வையுங்கள்.

அரை யூனிட்தானே, பேட்டரியிலிருந்தே எடுக்கலாமே என்று தோன்றும். மொத்த அளவு பிரச்சினை இல்லை, எடுக்கிற வேகம்தான் பிரச்சினை. 3 கிலோவாட் கீசர் 12 வோல்ட்டில் ஓட வேண்டுமானால் இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 280 ஆம்பியர் பக்கம் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி மெதுவாகக் கொடுக்கப் பிறந்தது. அதனிடம் 280 ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் சரிந்து, முதல் ஆள் தலை நனைவதற்குள் இன்வெர்ட்டர் கட் ஆகிவிடும். அந்த ஆம்பியரைத் தாங்க வெல்டிங் கேபிள் மாதிரி தடித்த கம்பி வேண்டும். ஒரு கிளாம்ப் லூசாக இருந்தால் அங்கேயே தீ. அதே பேட்டரிதான் இன்ஜினையும் ஸ்டார்ட் செய்கிறது என்றால் ஆபத்து இன்னும் பெரிது, கடலில் நின்றுபோவீர்கள். இது போக, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வெறுங்காலோடு நிற்கிற ஆள் பக்கத்தில் 230 வோல்ட் கொண்டுவருவது. இன்வெர்ட்டரில் எர்த் தொடர்பு சரியாக அமைக்கவில்லை என்றால், மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி போட்டும் பயன் இல்லாமல் போகலாம். இந்த வழி வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேஸ் கீசர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். வீட்டில் கசிந்தால் கதவு இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது வெளியேறும். படகின் அடிவயிறு ஓட்டை இல்லாத தொட்டி, கசிந்த கேஸ் அந்த அடிப்பள்ளத்தில், அதாவது பில்ஜில், போய்த் தேங்கி நிற்கும். பில்ஜ் பம்ப் சுவிட்ச் ஒரு பொறி விட்டால் போதும். கேபினுக்குள் எரிகிற கீசர் இன்னொரு வகையில் கொல்லும். புகை வெளியே போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் போட்டுக் கார்பன் மோனாக்சைடில் மூச்சடங்கிய செய்திகளை நாம் எல்லாருமே படித்திருக்கிறோம், கேபின் அந்தக் குளியலறையைவிடச் சிறியது. படகில் கேஸ் வைப்பதற்கென்று ஐஎஸ்ஓ 10239 என்ற தரநிலை உண்டு. சிலிண்டருக்குத் தனி அறை, கசிந்தால் நேராகக் கடலுக்கு வடிகிற துளை, எரியும் காற்றையும் புகையையும் வெளியோடு மட்டும் பரிமாறிக்கொள்கிற மூடிய அடுப்பு என்று எல்லாவற்றையும் அது சொல்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கிற வீட்டுக் கேஸ் கீசர் இதில் எதற்கும் தேறாது.

சரி, அப்புறம் எங்கிருந்து சூடு? உங்கள் இன்ஜினிலிருந்துதான். டீசலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு சூடாக, இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட் வழியே கடலில் போய்ச் சேர்கிறது. அந்தக் கூலன்ட்டை, கடலுக்குப் போகும் வழியில் ஒரு டேங்குக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாகச் சுற்றவிட்டால் டேங்க் தண்ணீர் சூடாகிவிடும். இப்படிப்பட்ட டேங்கைக் கலோரிஃபயர் என்பார்கள். வெளியே கனமான இன்சுலேஷன் இருக்கும். முகத்துவாரம் தாண்டி அரை மணி நேரம் ஓடினாலே 15 லிட்டர் டேங்க் 70 டிகிரியைத் தாண்டிவிடும். இன்ஜினை நிறுத்திய பிறகும் மதியம் வரை சூடு தாங்கும்.

நம் ஊர் வெயில் நமக்கு உதவுவது டேங்க் அளவில்தான். 75 டிகிரித் தண்ணீரை யாரும் மேலே ஊற்றிக்கொள்ளப் போவதில்லை, பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில்தான் குளிக்கப் போகிறோம். குளிர் நாட்டில் பச்சைத் தண்ணீர் 10 டிகிரி. 15 லிட்டர் வெந்நீரில் கலந்தால் அவர்களுக்கு மொத்தம் 32 லிட்டர்தான் தேறும். நமக்குத் தை மாதத்தில் 50 லிட்டர், சித்திரையில் 65 லிட்டருக்கு மேல். வெந்நீர் எடுக்க எடுக்க உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் அதைக் கொஞ்சம் ஆற வைக்கும் என்று முப்பது சதவீதம் கழித்தால்கூட 35 லிட்டர் கையில் நிற்கும், உங்கள் ஐந்து பேருக்கும் போதும். அதனால் 40 லிட்டர் கலோரிஃபயர் வேண்டாம். 15 லிட்டர் போதும். உங்கள் படகில் முதலில் தீரப்போவது சூடு அல்ல, நல்ல தண்ணீர். மிச்சப்படும் இடத்தையும் எடையையும் நல்ல தண்ணீர் டேங்குக்குக் கொடுங்கள். அதிலும் அளவு உண்டு. 60 லிட்டர் என்றால் 60 கிலோ, அதைப் பின்மூலையில் வைத்தால் படகு ஒருபக்கம் சாயும். முடிந்தவரை நடுவிலும் தாழ்வாகவும் வையுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இந்த வழி எல்லா டீசலுக்கும் பொருந்தாது. இன்ஜின் மேல் கார் ரேடியேட்டர் மூடி மாதிரி ஒரு மூடி இருந்து, திறந்தால் பச்சையோ சிவப்போ கூலன்ட் தெரிந்தால் உங்களுடையது ஹீட் எக்ஸ்சேஞ்சர் அல்லது கீல் கூலிங் வகை, அதாவது கூலன்ட் தனியாகச் சுற்றி, கடல் தண்ணீர் அதை வெளியிலிருந்து ஆற்றுகிற வகை, பொருந்தும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள். கடல் தண்ணீரே நேராக இன்ஜினுக்குள் சுற்றுகிற வகை என்றால் வேண்டாம். அந்த வகையில் உப்பு படியாமல் இருக்க வெப்பத்தை 60 டிகிரிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். சூடு நமக்குப் போதும்தான், ஆனால் சுருளுக்குள் கடல் தண்ணீர் ஓடினால் அது அரித்துப்போகும், அரித்தது தெரிவது குளிக்கிற தண்ணீர் கரிக்கும்போதுதான். காற்றில் குளிரும் இன்ஜினுக்கும், படகின் பின்னால் வெளியே தொங்குகிற அவுட்போர்டு இன்ஜினுக்கும் இது சரிப்படாது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

மாட்டும்போது கெடுவது பெரும்பாலும் ஏர்லாக்கால். கூலன்ட் ஹோஸ் எங்காவது மேடாக வளைந்து இறங்கினால் அந்த மேட்டில் காற்று பிடித்துக்கொள்ளும். டேங்க் சூடாகாது, அதைவிட மோசம், இன்ஜின் தலை சூடேறும். அதனால் கலோரிஃபயரை இன்ஜின் கூலன்ட் மூடியைவிடத் தாழ்வாக வையுங்கள். இரண்டு ஹோஸும் இன்ஜினை நோக்கிச் சீராக ஏறிக்கொண்டே வர வேண்டும். இடமில்லாமல் மேலேதான் வைக்க வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு சிறு கூலன்ட் டப்பா வேண்டும். ஹோஸை மாட்டியதும் உயரமான முனையின் கிளாம்பைத் தளர்த்தி, கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். முதலில் புஸ் என்று காற்று வரும், அப்புறம் நுரை, அப்புறம் நுரையில்லாத கூலன்ட் ஒழுகும். அப்போது இறுக்குங்கள். இன்ஜினை ஓட்டி, கையால் தொட்டுப் பாருங்கள். போகிற ஹோஸ் சூடாகவும் வருகிற ஹோஸ் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருந்தால் ஓட்டம் சரி. ஒன்று கொதித்து இன்னொன்று ஜில்லென்று இருந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. இன்ஜின் ஆறியபின் கூலன்ட் அளவை மறுபடி பார்த்து நிரப்புங்கள். இரண்டு ஹோஸிலும் இன்ஜின் அருகில் ஒவ்வொரு பித்தளை வால்வ் கட்டாயம். நடுக்கடலில் சுருளோ ஹோஸோ ஒழுகினால் இரண்டையும் மூடிவிட்டு வீடு வந்து சேரலாம்.

இந்த ஹோஸுக்குக் கார் ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸ்தான். வெள்ளை பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும், கிட்டேயே கொண்டுவராதீர்கள். குளிக்கிற வெந்நீர்ப் பக்கம் வீட்டில் போடுகிற சிபிவிசி சூட்டைத் தாங்கும், ஆனால் இன்ஜின் அதிர்வில் ஒட்டுப் போட்ட இடங்கள் விரிசல் விடும். வளையக்கூடிய பெக்ஸ் குழாயோ, வெந்நீருக்கென்றே வருகிற நூல் பின்னிய ஹோஸோ நல்லது.

பிள்ளைகளும் பெரியவரும் குளிக்கப்போவதால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் தானே கலந்து ஒரே சூட்டில் தருகிற தெர்மோஸ்டாட் மிக்சிங் வால்வ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஐந்து நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும், 70 டிகிரிக்கு ஒரு நொடி போதும், பிள்ளைகள் தோல் இன்னும் மெல்லியது. அலையில் ஆடுகிற படகில் இரண்டு குழாயைத் திருகிப் பதம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிக்சிங் வால்வை 40 டிகிரியில் வைத்துவிட்டால் பச்சைத் தண்ணீர் நின்றாலும் அது வெந்நீரை அடைத்துவிடும். அடுத்தது சேஃப்டி வால்வ். தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 ஆகும்போது இரண்டு சதவீதத்துக்கு மேல் பெருகும், 15 லிட்டரில் ஒரு டம்ளர் அளவுக்கு மேல். பச்சைத் தண்ணீர் நுழைகிற இடத்தில், தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வ் இருப்பதால் அது பின்னால் போக வழியில்லை. சேஃப்டி வால்வ் அதை வெளியே விடும். அதன் வாயை ஒயருக்கு மேல் விடாமல், கண்ணில் படுகிற இடத்துக்குக் குழாய் போட்டு இறக்குங்கள். டேங்கை இங்கேயே பட்டறையில் செய்யச் சொன்னால் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யச் சொல்லுங்கள், 6 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். காற்று ஏற்றிச் சோதிக்க விடாதீர்கள், வெல்டிங் விட்டால் ஆள் பிழைக்கமாட்டார்.

பம்ப்புக்கு 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், நிமிடத்துக்கு 10 லிட்டர் வகை, 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தானாக நிற்பது. வயலில் மருந்தடிக்கிற பம்ப்பும் பார்க்க இப்படித்தான் இருக்கும், விலையும் குறைவு, ஆனால் அதன் அழுத்தம் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும், உங்கள் இணைப்புகளைப் பதம் பார்க்கும். பம்ப்புக்குத் தனி ஃப்யூஸ், கை எட்டும் இடத்தில் சுவிட்ச். படகை விட்டு இறங்கும்போது சுவிட்சை அணையுங்கள். அணைக்காவிட்டால், ஒரு கிளாம்ப் கழன்றாலும் டேங்க் முழுவதையும் அந்தப் பம்ப் பில்ஜில் கொட்டிவிடும்.

ஷவரைப் பின்பலகையில், அதாவது டிரான்சமில், திறந்த வெளியில் வைப்பது எனக்கும் பிடித்த ஏற்பாடு. அழுக்குத் தண்ணீர் தானாகக் கடலுக்குப் போய்விடும், தனித் தொட்டியும் அதற்கொரு பம்ப்பும் வேண்டாம். ஆனால் அதற்காகப் போடுகிற ஓட்டையில் கவனம். ஃபைபருக்கு நடுவில் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். ஓட்டையின் ஓரம் வழியாக அதில் ஈரம் இறங்கினால் ஓரிரு மழைக்காலத்தில் உள்ளே உளுத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. தேவையான அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி நிரப்பி, அது இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது ஈரம் மரத்தைத் தொடாது. இடுக்கை அடைக்கிற பூச்சுக்குப் படகுக்கான பாலியூரித்தேன், பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம்.

பின்பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, இன்ஜின் புகைக் குழாய். யாராவது பின்னால் நின்று குளிக்கும்போது இன்ஜின் ஓடக்கூடாது, ஜெனரேட்டர் இருந்தால் அதுவும் ஓடக்கூடாது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில், ஜெனரேட்டர் புகை தேங்கிய வீட்டுப்படகின் பின்தளத்துக்கு அடியில் நீந்திய இரண்டு சகோதரச் சிறுவர்கள் கார்பன் மோனாக்சைடால் மயங்கி மூழ்கி இறந்தார்கள். டீசலில் பெட்ரோலைவிட இந்த வாயு குறைவுதான், ஆனாலும் விதியைத் தளர்த்தாதீர்கள். கலோரிஃபயரின் நன்மையே இதுதான், இன்ஜினை நிறுத்திய பிறகும் வெந்நீர் இருக்கும். குளிக்கிறவர் கைக்குப் பக்கத்தில் புரொப்பெல்லர் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் என் கணிப்பும் கலந்திருக்கிறது. கடலோரப் போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால், அதிலுள்ள குளோரைடு சாதாரண 304 ஸ்டெயின்லெஸ்ஸைச் சூட்டில் புள்ளி புள்ளியாக அரிக்கும் என்பது உறுதி. எத்தனை வருடத்தில் என்பது தெருவுக்குத் தெரு மாறுகிற தண்ணீரைப் பொறுத்தது. 60 லிட்டர் என்றால் மூன்று கேன் தண்ணீர், ஆர்ஓ கேன் வாங்கி ஊற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வெதுவெதுப்பாகப் பல நாள் தேங்கிய தண்ணீர் கிருமிக்கு வசதியான இடம், குறிப்பாக லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரிக்குள் பெருகும், ஷவர் தூறலோடு நுரையீரலுக்குள் போகும். உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்குத்தான் அது அதிக ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயத்தில் படகைக் கட்டிப்போடும்போது டேங்க், கலோரிஃபயர், ஹோஸ் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது முதல் டேங்க் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, யாரும் பக்கத்தில் நிற்காமல், மிக்சிங் வால்வுக்கு முன்னால் உள்ள வடிகுழாயில் திறந்துவிடுங்கள். ஷவர் ஹோஸைக் குளோரின் கலந்த தண்ணீரில் கழுவுங்கள்.

அவுட்போர்டு வைத்திருப்பவர்களும், இன்ஜினைத் தொட யோசிப்பவர்களும் முதலில் செய்து பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டில் டீ கொண்டுவருகிற இன்சுலேட்டட் ஸ்டீல் கேனில் 5 லிட்டர் கொதித்த தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். நான்கு மணி நேரம் கழித்து 80 டிகிரி இருந்தால்கூட, 20 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்ததும் மொத்தம் 25 லிட்டர் ஏறத்தாழ 36 டிகிரிக்கு வரும், டேங்க் வெயிலில் இருந்திருந்தால் 40. கலக்கிப் பார்த்து, முழங்கையால் தொட்டுப் பார்த்து, வாளிக்குள் 12 வோல்ட் கேம்பிங் ஷவர் பம்ப்பை இறக்கினால் வேலை முடிந்தது. கொதிநீர்க் கேனைத் தரையில் கட்டி வையுங்கள், ஊற்றுவது பெரியவர் ஒருவர்தான், படகு நங்கூரத்தில் நிற்கும்போது மட்டும். கூரையில் கறுப்புப் பை வைத்து வெயிலில் சூடாக்குவதும் பங்குனி, சித்திரையில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நீங்கள் கேட்கிற மார்கழிக் காலையில் மேகம் இருந்தால் ஏமாற்றும். நான்கங்குல பிவிசி பைப்பில் தண்ணீர் நிரப்பி வெயிலில் சூடாக்கி, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து ஷவராக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் இளகிய பைப்பில் காற்றழுத்தம் ஏற்றினால் அது கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கலாம், பிள்ளைகள் இருக்கிற படகில் வேண்டாம்.

நடுக்கத்தில் பெரும் பங்கு காற்றால் வருவது. தோலிலிருந்து 100 மில்லி தண்ணீர் ஆவியாகிப் போனால் உடம்பிலிருந்து ஏறத்தாழ 240 கிலோஜூல் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும், 4 லிட்டர் வெந்நீர் கொடுக்கிற சூட்டுக்குச் சமம். ஆகவே குளித்த உடனே துவட்டி, உலர்ந்த சட்டை மாற்றி, காற்று படாத பக்கம் உட்காரவைத்து, அதற்குப் பிறகு படகைக் கிளப்புங்கள். அப்பாவுக்கு நடுக்கம் நிற்காமல் பேச்சு குழறினால் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்காமல் போர்த்திப் படுக்கவைத்துக் கரைக்குத் திரும்புங்கள், நேராக மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் இன்ஜினில் எந்தத் துளையிலிருந்து கூலன்ட் எடுத்து எந்தத் துளையில் திருப்பி விடுவது என்பதை நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. பொதுவாகத் தலைப்பகுதியில் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் எடுத்து, கூலன்ட் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் திருப்புவார்கள். பல இன்ஜின்களில் அதற்கென்றே அடைத்துவைத்த போல்ட் இருக்கும், மாடலுக்கு மாடல் இடம் மாறும். இன்ஜினில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையின் படத்தையும், கூலன்ட் மூடி தெரிகிற மாதிரி மேலிருந்து ஒரு படத்தையும் இங்கே போடுங்கள். டேங்க் வைக்க நினைக்கும் இடம் அந்த மூடியிலிருந்து எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே என்று டேப் வைத்து அளந்து அதையும் எழுதுங்கள்.